ஸ்பிட்ஃபயருக்குப் போசரியில் ஒரு கம்பி

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் பானெட்டைத் திறப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நாம் பார்த்துப் பழகிய கார்களில் எஞ்சினுக்கு மேலே ஒரு மூடி மட்டும் எழும்பும். இதில் மட்கார்டு, ஹெட்லைட்டு என்று காரின் முகம் மொத்தமும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்கிறது. கவிழ்ந்ததும் எஞ்சின், ரேடியேட்டர், ஸ்டீயரிங் ராக், சுருள் ஸ்பிரிங், விஷ்போன், முன்சக்கரம் எல்லாம் பட்டவர்த்தனமாக வெளியே! குனிய வேண்டாம், படுக்க வேண்டாம். டயர் மேலேயே வசதியாக உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். அன்று முழுக்க எனக்குக் கண் இரண்டும் போதவில்லை.

இடம் போசரி. புனேயிலிருந்து நாசிக் போகும் சாலையில், மேம்பாலத்தைத் தாண்டி எம்.ஐ.டி.சி. பேட்டைக்குள், ஜே பிளாக்கில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். உள்ளே சிவப்பு நிற ஸ்பிட்ஃபயர், மார்க் 3. 1967 முதல் 1970 வரை வந்த ரகம். 1296 சி.சி. எஞ்சின், 75 குதிரைத்திறன், 13 அங்குலச் சக்கரங்கள், இரண்டே இரண்டு பேர் உட்கார இடம். வந்த வேலை என்ன? முன்பக்கம் இருக்கும் பழைய ஸ்வே பாரைக் கழற்றிவிட்டு அதைவிடத் தடித்த புதிய பார் ஒன்றைப் போடுவது. கம்பிக்குக் கம்பி. கடையில் வாங்கி மாட்டுகிற கம்பியும் இல்லை. ஷெட்டைச் சுற்றி நடந்துபோகும் தூரத்துக்குள்ளேயே பழுத்து, வளைந்து, எண்ணெயில் குளித்து, கறுப்பு பூசிக்கொண்டு வரப்போகிற கம்பி!

போசரியின் அழகே இதுதான். பிம்ப்ரியில் டாடா, ஆகுர்டியில் பஜாஜ் என்று பெரிய ஆலைகள் வந்தபோது அவற்றுக்குச் சில்லறை பாகம் செய்துகொடுக்கக் கிளம்பிய பட்டறைகள் இன்றைக்கும் இங்கே தெருத்தெருவாக இருக்கின்றன. ஒரு ஷெட்டில் லேத்து, அடுத்ததில் ஃபோர்ஜிங் சுத்தியல், எதிரில் உலை, முனையில் பவுடர் கோட்டிங். மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனம் 1967இல் அமைந்ததும் இதே போசரியில்தான். நாட்டின் அரசு பஸ்கள் பற்றிய ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் அதுதான் தாய்வீடு. கனரக வண்டிக்கு இரும்பு வளைத்துப் பழகிய ஊருக்கு எழுநூற்றுச் சொச்சம் கிலோ எடையுள்ள ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வந்தால் சும்மா விடுவார்களா? டீ வாங்க வந்த பையன் முதல் பக்கத்து ஷெட் முதலாளி வரை எட்டிப் பார்க்காத ஆள் இல்லை.

வியாழக்கிழமை இங்கே பல தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை. ஆர்டர் வேலையின் நெருக்கடி இல்லாத அந்த நாள்தான் இந்த மாதிரி ஆசை வேலைகளுக்கு வாய்த்த நாள். ஷெட்டின் மேஸ்திரி நம்ம ஊர் ரத்தம். தேஹு ரோடு ராணுவக் கிடங்கு வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர். மராத்தியில் அதட்டுவார், இந்தியில் விலை பேசுவார், அளவு எடுக்கும்போது மட்டும் தமிழில் முணுமுணுப்பார். உதவிக்கு இருக்கும் பையன்கள் அவரை ‘காகா’ என்கிறார்கள்.

“தம்பி, இங்க வாங்க. இதைப் பிடிங்க” என்று கழற்றிய பழைய பாரைக் கையில் கொடுத்தார். பட்டறை வழக்கில் இதற்கு ஸ்டெபிலைசர் ராடு என்று பேர். இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை போகும் ஒரே கம்பி. இரண்டு முனையும் பின்னோக்கி வளைந்திருக்கிறது. நடுப்பகுதி சேசிஸின் முன் நுனியில் இரண்டு இடத்தில் ரப்பர் புஷ் வைத்து யூ போல்ட்டால் பிடித்திருக்கும். முனைகள் இரண்டும் சின்ன லிங்க் வழியாகக் கீழ் விஷ்போனில் சேரும். வேறு ஒன்றுமே இல்லை. மோட்டார் இல்லை, எண்ணெய் இல்லை, ஒயர் இல்லை. கனடாவில் நியூ பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் 1919 ஏப்ரலில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நூறு வருஷம் தாண்டியும் இன்றைய கார்களின் அடியில் ஏறக்குறைய அதே யோசனைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் இந்தக் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், இருப்பதே தெரியாது. வளைவில்தான் அதற்கு உயிர் வருகிறது. கார் சாயும்போது ஒரு சக்கரம் மேலே போகப் பார்க்கும், மற்றது கீழே இறங்கப் பார்க்கும். அப்போது கம்பி முறுக்கேறும். முறுக்கேறிய எஃகு திரும்பி நேராகத் துடிக்கும். அந்தத் துடிப்புதான் காரைச் சாயவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது.

இப்போது என்னைத் துள்ளவைத்த கணக்கு. பழைய பாரின் தடிமன் 11/16 அங்குலம், அதாவது பதினேழரை மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. புதியது 22 மில்லிமீட்டர். வெர்னியரில் பார்த்தால் வித்தியாசம் நாலரை மில்லிமீட்டர்தான். ஆனால் ஓர் உருண்டைக் கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். கால்பங்கு தடிமன் கூட்டினால் விறைப்பு இரண்டரை மடங்கு! நாலரை மில்லிமீட்டருக்கு இரண்டரை மடங்கு விறைப்பு என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இதே கணக்கில்தான் உள்ளே துளையுள்ள பாரும் ஜெயிக்கிறது. 25 மில்லிமீட்டர் பாரின் நடுவில் 18 மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டால் எடை பாதிக்கும் கீழே போய்விடும். விறைப்பு மட்டும் முக்கால்பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவாக நிற்கும். முறுக்கைப் பெரும்பாலும் தாங்குவது மேல்தோல்தான், நடுச்சதை இல்லை. இந்த மேல்தோல் விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் உலைக்களத்தில் அதற்காக ஒரு சத்தம் கேட்கப்போகிறது.

காருக்குச் சொந்தக்காரர் இளைஞர், மராட்டியர், இந்த வண்டியைப் பெற்ற பிள்ளையைப்போல வைத்திருப்பவர். முன்னாலும் பின்னாலும் சேர்த்து இரண்டு பார் போட வேண்டும் என்பதுதான் அவர் கொண்டுவந்த ஆசை. காகா முடியாது என்றார். “முன்னாடி எவ்வளவு வேணும்னாலும் பேசலாம். பின்னாடி கை வைக்க மாட்டேன், தாதா” என்று மராத்தியில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் ஒரு பாடமே எடுத்தார். இந்த ஷெட்டில் நான் பார்த்ததிலேயே அருமையான விஷயம் அந்த மறுப்புதான். அது ஏன் சரி என்பதைப் புரிந்துகொள்ள, இந்தக் கார் பிறந்த கதைக்குப் போக வேண்டும்.

ஸ்பிட்ஃபயரின் சேசிஸ் அதற்கென்று பிறந்ததில்லை. 1959இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு என்ற குடும்பக் காரின் சேசிஸைக் குறுக்கி, அதற்கு மேல் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்த உடம்பை ஏற்றினார்கள். கம்பெனி பணமுடையில் இருந்ததால் மாதிரிக் காரை ஒரு மூலையில் ஓரங்கட்டினார்கள். 1961இல் லேலண்டு நிறுவனம் டிரையம்ஃபை வாங்கிய பிறகு, ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் தூசித்துணிக்கு அடியில் இதைக் கண்டுபிடித்து உடனே சம்மதம் கொடுத்தார்கள். 1962இல் விற்பனைக்கு வந்த கார் 1980 வரை ஓடியது. மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. ஒருவர் அந்தத் துணியைத் தூக்கிப் பார்க்காமல் போயிருந்தால்!

ஹெரால்டு என்றதும் நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு முகம் மலரும். அதே ஹெரால்டுதான் 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் உருவானது. அம்பாசடரும் ஃபியட்டும் ஆண்ட காலத்தில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வைத்திருந்த கார். டாக்டர்களும் வக்கீல்களும் பெருமையாக ஓட்டிய கார். போசரி ஷெட்டில் இந்தச் சிவப்பு ஸ்பிட்ஃபயரின் முன் விஷ்போன்களைப் பார்க்கும்போது மைலாப்பூர் வீட்டு வாசலில் நின்ற ஹெரால்டின் ஒன்றுவிட்ட தம்பியைப் பார்ப்பதாகவே எனக்குப் பட்டது.

அந்தத் தனித்தனி சஸ்பென்ஷனின் பின்பாதியில்தான் வில்லங்கம். பின்சக்கரமும் அதன் அரை அச்சும் ஒன்றாகப் பிணைந்தவை. மடங்குவது டிஃபரன்ஷியல் பக்கம் மட்டும். வேகமாக வளைவில் போகும்போது காரின் பின்புறம் கொஞ்சம் எழும்பினால், வெளிப்பக்கச் சக்கரம் அடிப்பக்கமாக உள்ளே மடங்கும். மடங்கினால் பின்புறம் இன்னும் எழும்பும். ஓட்டுகிறவர் பயந்துபோய் நடு வளைவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டாலோ இன்னும் ஆபத்து. பின்புறம் வெளியே வீசிக்கொண்டு போகும். ஸ்டாண்டர்டு கம்பெனி 1972இல் ஹெரால்டின் வாரிசாகக் கேஸல் காரைக் கொண்டுவந்தபோது இந்த அமைப்பையே கைவிட்டு, பின்னால் ஒரே அச்சாகப் போட்டுவிட்டது.

இப்போது ஸ்வே பார். அது காரைச் சாயாமல் பிடிப்பதால் டயர்களின் சுமையையும் குறைக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். காகா தலையை ஆட்டிவிட்டு, தேஹு ரோடு கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்குவதைச் சொன்னார். “தெரு முனையில திரும்பும்போது சாமி வெளிப்பக்கம் அழுத்துமா இல்லையா? அந்த அழுத்தம் அழுத்தத்தான் செய்யும். முன்னாடி தூக்குறவன் தோளை விறைப்பா வெச்சா முன்னாடி அதிகமா இறங்கும், பின்னாடி நிக்கிறவனுக்குக் கொஞ்சம் குறையும். பின்னாடி விறைச்சா அவனுக்கு அதிகம். மொத்த பாரம் அதேதான். யாருக்கு எவ்வளவுங்கிறதுதான் நம்ம கையில இருக்கு.” எந்தப் பொறியியல் பாடப்புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை. உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு எவ்வளவு எடை மாறும் என்பதைக் காரின் எடை, எடைமையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவின் வேகம் ஆகியவை முடிவுசெய்கின்றன. கம்பி செய்வது பங்கீடு. எந்தப் பக்கம் விறைப்பைக் கூட்டுகிறோமோ அந்தப் பக்கத்து வெளிச்சக்கரம் அதிகம் சுமக்கும்; அளவுக்கு மீறிச் சுமக்கும் டயர், சுமைக்கு ஏற்றபடி பிடி கொடுக்காது; அந்தப் பக்கம்தான் முதலில் வழுக்கும்.

முன்பக்கம் வழுக்கினால் கார் வளைவிலிருந்து சற்று அகலமாக வெளியே போகும். வேகத்தைக் குறைத்தால் திரும்ப அடங்கும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றும். பின்சக்கரம் மடங்கும் வியாதியுள்ள காருக்குப் பின்னாலும் ஒரு பார் போட்டு, அங்கேயே சுமையைக் கூட்டுவது எவ்வளவு பெரிய விபரீதம்! இரண்டு பார் செட்டாக விற்கிறார்கள் என்பதற்காக இரண்டையும் மாட்டிக்கொள்ளும் எல்லாப் பழைய கார்ப் பிரியர்களுக்கும் இதை நான் கெஞ்சிச் சொல்வேன்.

அமெரிக்காவில் இதே பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றார்கள். ஷெவர்லே கோர்வேர் 1960இல் பின்பக்கம் எஞ்சினும் இதே ரக மடங்கு அச்சுமாக வந்தது. முன் ஸ்வே பார் இல்லாமலே வந்தது. 1964 மாடலில்தான் முன் பாரைச் சேர்த்து, பின்னால் ஒரு குறுக்குப் பிளேட்டு ஸ்பிரிங்கும் கொடுத்தார்கள். அதற்குள் வழக்குகள் குவிந்துவிட்டன. 1965இல் ரால்ஃப் நாடர் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியதுதான். அக்காலத்து மற்ற கார்களோடு ஒப்பிட்டால் கோர்வேர் அப்படியொன்றும் மோசமில்லை என்று அமெரிக்க அரசின் ஆய்வு 1972இல் சொன்னது. ஆனால் அதற்குள் கோர்வேரின் கதை முடிந்துவிட்டிருந்தது. இங்கிலாந்தில் எம்.ஜி.பி. காருக்கும் ஒரு தலைகீழ்க் கதை உண்டு. எழுபதுகளின் நடுவில் காரின் உயரத்தைக் கூட்டிவிட்டு, திறந்த மாடலில் முன் பாரையும் எடுத்துவிட்டார்கள். கார் வளைவில் தள்ளாடியது. 1977 மாடலில் முன்னும் பின்னும் பார் போட்டுத் திருத்தினார்கள். அந்தக் காரின் பின்பக்கம் இருப்பது மடங்காத ஒரே அச்சு என்பதால் பின் பார் சரிப்பட்டு வந்தது.

டிரையம்ஃபும் ஒருவழியாகத் திருந்தியது. 1970 கடைசியில் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4இல் பின்பக்கக் குறுக்கு ஸ்பிரிங்கின் பிளேட்டுகள் சாய்வை எதிர்க்காமல் தளர்வாக ஆடும்படி மாற்றிவிட்டு, முன் பாரை 7/8 அங்குலமாகத் தடிக்கவைத்தார்கள். 7/8 அங்குலம் என்பது 22.2 மில்லிமீட்டர். போசரியில் வளையப்போவது 22. “கம்பெனியே கடைசியில வந்து நின்ன அளவு. அதைத் தாண்டி நான் ஏன் போகணும்?” என்றார் காகா. சொந்தக்காரரின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச வருத்தமும் அங்கேயே கரைந்தது.

இனி உலைக்களம்!

முதலில் அச்சு. ஆறு மில்லிமீட்டர் மெல்லிய கம்பியைக் கையாலேயே வளைத்துக் காரின் அடியில் பிடித்துப் பார்த்தார்கள். ஸ்டீயரிங்கை இடது கடைசி வரை, வலது கடைசி வரை திருப்பினார்கள். ஜாக்கியால் சக்கரத்தை முழுக்கத் தூக்கி, முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். டை ராடில் இடிக்கிறதா, ரேடியேட்டரின் அடியைத் தொடுகிறதா, மிக முக்கியமாக, அந்த மகா பானெட்டின் கீல் முன்னால் இருப்பதால் மூடும்போது கம்பி குறுக்கே வருகிறதா? ஒரு இடத்தில் வந்தது. மெல்லிய கம்பியைக் கால் அங்குலம் தாழ்த்தினார்கள். மறுபடி மூடிப் பார்த்தார்கள். இந்த வேலையில்தான் ஒரு முழு முற்பகல் போனது. பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள்.

பிறகு ஸ்பிரிங் எஃகு, 22 மில்லிமீட்டர் உருண்டை, இந்தியப் பட்டறைகளில் ‘ஈ.என். 45’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இரண்டு முனைகளையும் பழுக்கவைத்துச் சுத்தியலில் தட்டையாக அடித்துத் துளை போட்டாயிற்று. வெல்டிங் கிடையாது. தனியாக ஒரு காதை வெட்டி முனையில் பற்றவைத்தால் அரை மணியில் வேலை முடியும்தான். ஆனால் பற்றவைத்த சூட்டில் பக்கத்து எஃகு நொறுங்கும் தன்மைக்கு மாறி, ஒரு நாள் பெரிய வளைவில் பட்டென்று போகும். யாராவது பற்றவைத்த பாரை உங்களிடம் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

எதிர் ஷெட் உலையில் முழுக்கம்பியும் உள்ளே போனது. திட்டமிட்ட சூடு 850 டிகிரிக்கு மேல். டிஜிட்டல் மீட்டர் சுவரில் இருக்கிறது. இருந்தும் உலைக்காரர் நீளமான ஒரு குச்சியின் நுனியில் காந்தத்தைக் கட்டி வைத்திருந்தார். கதவைத் திறந்து காந்தத்தைக் கம்பியருகே நீட்டினார், ஒட்டியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. இந்த முறை காந்தம் சும்மா தொங்கியது! இரும்பு 770 டிகிரி அளவில் காந்தத்தை மறந்துவிடுகிறது. மீட்டரையும் நம்புகிறார், காந்தத்தையும் நம்புகிறார். நான் சின்னப் பிள்ளையாட்டம் இன்னொரு தரம் காட்டச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன்.

ஆரஞ்சு நிறத்தில் கம்பி வெளியே வந்ததும் நான்கு பேரின் அசைவும் ஒரே தாளம். கனத்த இரும்புப் பலகையில் முளைகள் அடித்த ஜிக். அதில் கம்பியைப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் நீளக் குழாயை மாட்டி இழுக்க, ஒரு மூச்சுக்குள் இரண்டு முனையும் வளைந்துவிட்டது. அடுத்த மூச்சில் எண்ணெய்த் தொட்டி. புஸ்ஸென்ற சத்தம், மேற்பரப்பில் ஒரு ஜுவாலை, வெள்ளைப் புகை. புகை அடங்கிக் கம்பி மேலே வந்தபோது கைதட்டலாமா என்று இருந்தது. தட்டிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை, உலைக்காரரும் சேர்ந்து தட்டினார்.

எண்ணெயில் குளித்த எஃகு கடினமானது, கூடவே நொறுங்கக்கூடியது. அதனால் திரும்ப மின் உலையில், சுமார் 450 டிகிரியில் பதப்படுத்தல். அதன் பிறகுதான் அதற்கு முறுக்கேறி மீளும் குணம் வரும். ஆறியதும் உதவிப் பையன் பழக்கத்தில் எண் அச்சையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்தான், பாகத்தில் நம்பர் குத்த. “ஏய், குத்தாதே!” என்று காகா போட்ட சத்தத்தில் டீக்கடை வரை திரும்பிப் பார்த்தார்கள். மேல்தோல்தான் முறுக்கின் பெரும்பங்கைத் தாங்குகிறது என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒரு சின்னக் குழி விழுந்தால் விரிசலுக்கு அதுதான் வாசல். நம்பரைப் பெயின்ட்டால் எழுதவைத்தார். கம்பியின் நடுவில் ஒரு கிரைண்டர் தழும்புகூட இருக்கக் கூடாது. இதற்கு மாறாக, நுண்ணிய எஃகுக் குண்டுகளை அதன் மேல் மழையாகப் பொழியும் ஷாட் பீனிங் செய்கிறார்கள். அது தோலை இறுக்கி விரிசல் தொடங்காமல் காக்கும். கடைசியில் கறுப்புப் பவுடர் கோட்டிங்.

பொருத்துவது சுருக்கமான வேலை, ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய ரப்பர் புஷ்கள் கல்லாகிப் போயிருந்தன. சேசிஸில் பிடிக்கும் இடத்துக்கு மஞ்சள் நிறப் பாலியூரித்தேன் புஷ், உள்ளே கீச்சிடாமல் இருக்கச் சிலிகான் கிரீஸ். விஷ்போன் புஷ்களை ரப்பராகவே விட்டார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. எல்லாவற்றையும் விறைப்பாக்கினால் கார் வேகமாகலாம், வண்டி ஓட்டும் சுகம் செத்துவிடும். பிறகு காரைத் தரையில் நான்கு காலில் நிறுத்தி, சொந்தக்காரரின் எடைக்கு ஓட்டுநர் சீட்டில் மணல் மூட்டை ஏற்றினார்கள். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை முறுக்கினால் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, காரை இறக்கியதும் கம்பி ஏற்கனவே முறுக்கேறி நிற்கும். ஒரு பக்கம் லிங்க் மாட்டியாயிற்று. மறுபக்கம் துளைக்குத் துளை நேராக வரவில்லை. கடப்பாரையால் நெம்பிச் சேர்த்துவிடலாம். பல இடங்களில் அதுதான் நடக்கிறது. இங்கே லிங்கின் நீளத்தைத் திருகித் திருகிச் சரிசெய்தார்கள். ஒரு கட்டத்தில் காகா போல்ட்டை என் கையில் கொடுத்தார். இரண்டு விரலால் வைத்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது! சுத்தியல் இல்லை, தள்ளல் இல்லை. நேராக நிற்கும்போது அந்தக் கம்பியில் துளி முறுக்கும் கிடையாது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சேசிஸில் புதிதாக ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு விதிகள் சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைக் கணிசமாக மாற்றியிருக்கக் கூடாது என்கின்றன; அப்படிப் பதிவாகும் வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட்டு. சொந்தக்காரருக்கு அந்த பிளேட்டின் மேல் ஒரு கண். பழைய பாரை எண்ணெய்த் துணியில் சுற்றி அவரிடமே கொடுத்துவிட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் அரை நாளில் திரும்ப மாட்டலாம்.

ஓட்டிப் பார்க்க விடியற்காலையில் ஸ்பைன் ரோடு. பழைய பாரோடு அதே சாலையில் ஏற்கனவே ஒரு முறை என்னை உட்காரவைத்துக் காட்டியிருந்தார்கள், அதனால் வித்தியாசம் பிடிபடுமா என்ற சந்தேகமே எழவில்லை. முன்பு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் கார் ஒரு பக்கம் படுக்கும், பிறகுதான் திரும்பும். இப்போது திருப்பினால் திரும்புகிறது. அந்த இடைவெளியே காணோம்! ரவுண்டானாவில் என் தோள் கதவில் இடிக்கவில்லை. சொந்தக்காரர் ஒரு சுற்று போதாதென்று மறுபடி சுற்றினார். அதற்குப் பிறகும் சுற்றினார். இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தோம் என்பது நிறுத்திய பிறகுதான் தெரிந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இடது சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் தடித்த கம்பி அந்த ஆட்டத்தை வலது பக்கத்துக்கும் கடத்துகிறது. தலை இப்படியும் அப்படியும் ஆடுகிறது. புனேயின் மழைக்காலச் சாலைகளில் அது நிச்சயம் உறைக்கும். 22ஐத் தாண்டிப் போகாததற்கு அதுவும் ஒரு காரணம் என்றார் காகா. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவந்து எல்லா போல்ட்டையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் இன்னொரு சங்கதி தெரிந்தது. உலை சூடாக இருக்கும்போதே அதே அளவில் இரண்டாவது கம்பி ஒன்றையும் அடித்து முடித்திருந்தார்கள். யாருக்கு என்று கேட்டேன். சென்னையில் தெரிந்தவர் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஷாமியானாத் துணிக்கு அடியில் நிற்கிறதாம். அந்த வீட்டுப் பையன் அதை ஓடவைக்க ஆசைப்படுகிறானாம். முன் சஸ்பென்ஷன் இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம்தானே, அப்படியே பார்சல் போட்டுவிடலாமே என்றேன். “அதெப்படி? முதல்ல அந்த மெல்லிசுக் கம்பி போகட்டும். பானெட்டை மூடிப் பார்த்து, எங்க இடிக்குதுன்னு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கேன். அப்புறம்தான் இது போகும்” என்று ஆறு மில்லிமீட்டர் அச்சுக் கம்பியைச் சாக்கில் சுற்றி, லாரி ஆபீஸ் விலாசத்தை அதன்மேல் பெரிதாக எழுதத் தொடங்கினார்.